எல்லா நாளையும் என்ர பேரில போடு

1. திறக்காத கதவு

திங்கட்கிழமை டைம்ஷீட் நாள். அன்று மட்டும் நான் காலை எட்டு மணிக்கே அலுவலகத்துக்கு வந்துவிடுவேன். தேநீரை ஒரு வாய் குடிக்கவில்லை, கதவை உடைப்பது போல ஒரு தட்டு.

"அன்ரி! என்ர கார்ட் வேலை செய்யேல்ல. கேட்டில நிக்கிற செக்யூரிட்டி சொல்லுறான், நான் லீவில நிக்கிறனாம். நான் லீவில நிக்கிறது எனக்கே தெரியாது!"

வந்தவன் கஜன். எங்கள் தொழிற்சாலையில் டிஸ்பாட்ச் டீம் லீடர், மனைவி மீனாவுக்கும் இங்கேதான் வேலை. எந்த லொறியில் எத்தனை தட்டு பாண் ஏறியது, எத்தனை மணிக்குக் கேட்டைத் தாண்டியது என்று தூக்கத்திலும் சொல்லுவான். மஞ்சள் சட்டை, இரும்பு மூக்கு வைத்த சப்பாத்து, கையில் சோற்றுப் பெட்டி என்று முழு அலங்காரத்தோடு நின்றான். முகம் மட்டும் தேர்தலில் கட்டுப்பணம் இழந்தவனின் முகம்.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். சிட்னியின் மேற்குப் பக்கத்தில் ஒரு பெரிய பேக்கரித் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் பேரோல் பார்த்தவள். போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். நானூறு பேரின் சம்பளமும் லீவும் என் விரல் நுனியில் இருந்தன. என் சொந்தப் பெயர் அங்கே ஒருவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் நான் 'பேரோல் அன்ரி'. வியட்நாம்காரரும் லெபனான்காரரும்கூட அன்ரி என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தத் தொழிலுக்கு வரப்போகும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

கம்ப்யூட்டரில் கஜனின் பெயரைத் தட்டினேன். பேரன்டல் லீவ். இன்று முதல் பன்னிரண்டு கிழமை, கிட்டத்தட்ட மூன்று மாதம். கீழே மீன் முள் மாதிரி அவனுடைய கையெழுத்து. ஆறு கிழமைக்கு முன் அதை சிஸ்டத்தில் ஏற்றியதே நான்தான்.

"இது உன்ர கையெழுத்துத்தானே?"

"ஓம். ஆனா அது பிள்ளைக் காசுக்கு வச்ச கையெழுத்தல்லோ!"

"பிள்ளைக் காசு எண்டால் என்ன எண்டு நினைச்சனீ?"

"பிள்ளை பிறந்தா கவர்மெண்ட் தாற காசு. கொம்பனியும் கொஞ்சம் தரும். மீனாவின்ர ரேட்டை விட என்ர ரேட் கூட. அதால எல்லா நாளையும் என்ர பேரில போடு எண்டு மீனாட்டச் சொன்னனான். கணக்குச் சரிதானே?"

"சரி ராசா. அந்த நாளெல்லாம் நீ எங்க நிப்பாய்?"

"எங்க நிப்பன்? இஞ்சதான். வேலையில!"

அப்போதுதான் வாயில் வைத்த தேநீர் எனக்கு மூக்கால் வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து மேசையைப் பிடித்துக்கொண்டேன். பாவம், அவன் நான் இருமுகிறேன் என்று நினைத்து முதுகில் தட்டினான்.

2. பானையும் அகப்பையும்

தண்ணீர் குடித்துத் தெளிந்த பிறகு அவனுக்கு விளங்கப்படுத்தினேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். நாட்கணக்கு வருடத்துக்கு வருடம் மாறுவதால் எண்களை விட்டுவிடுகிறேன். அடிப்படை மாறாது.

பிள்ளை பிறந்தால் அரசாங்கம் தாய்க்கும் தகப்பனுக்கும் சேர்த்து ஒரு பானை நாட்கள் தருகிறது. அதில் சில நாட்கள் தாய்க்கு மட்டும், சில தகப்பனுக்கு மட்டும். அவரவர் எடுக்காவிட்டால் அந்த நாட்கள் போய்விடும், மற்றவருக்கு வராது. மிச்சமெல்லாம் பொது. பொது நாளில் தகப்பன் ஒன்று எடுத்தால் தாய்க்கு ஒன்று குறையும். காசு யார் எடுத்தாலும் ஒரே அளவு, நாட்டின் அடிப்படைக் கூலி. ஹாஸ்பிட்டல் டொக்டர் எடுத்தாலும் அதுதான், பாண் தட்டுக் கழுவுகிறவர் எடுத்தாலும் அதுதான்.

கொம்பனிக் காசு வேறு. அது எங்கள் தொழிற்சாலையின் சொந்த ஏற்பாடு. பிள்ளையை வீட்டில் நின்று பார்க்கிறவருக்கு அவருடைய முழுச் சம்பளத்தில் சில கிழமைகள். கணவனும் மனைவியும் இருவருமே இங்கே வேலை என்றால், இரண்டு பங்கு இல்லை, ஒரு பங்குதான். அதை யார் எடுக்கிறாரோ அவருடைய ரேட்டில் வரும். ஆகவே கஜனின் கணக்கில் பாதி சரி. பாதி சரியான கணக்குத்தான் பேரோலில் ஆளை விழுத்தும்.

இரண்டுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. காசு எடுக்கும் நாளில் வேலைக்கு வரக்கூடாது. சும்மா ஒரு சில நாட்கள் தலைகாட்டிவிட்டுப் போகலாம், அவ்வளவுதான்.

"வேலையும் செய்து லீவுக் காசும் எடுத்தால் அதுக்குப் பேர் லீவு இல்லையடா, களவு" என்றேன்.

"ஐயோ அன்ரி, என்ன கதை கதைக்கிறீங்கள்! மாத்த ஏலாதோ?"

பொய் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் பேரோலில் பொய் சொன்னால் அடுத்த வியாழக்கிழமை பேஸ்லிப்பில் வந்து பல்லைக் காட்டும்.

"மாத்தலாம். இன்னும் எடுக்காத நாள்தானே. ஆனா தாய்தான் தன்ர நாளுகளை உனக்குத் தந்தது. மீனா ஓம் எண்டால்தான் மாறும்."

"மீனா ஓம் எண்டுவா!" என்று அவன் ஒரு துள்ளுத் துள்ளினான்.

3. நான் செய்த குற்றம்

இங்கே என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நீண்ட லீவுப் படிவம் எது வந்தாலும் ஆளைக் கூப்பிட்டு வரி வரியாக வாசித்துக் காட்ட வேண்டும். "இந்தத் திகதி முதல் நீ வரமாட்டாய், உன்ர இடத்துக்கு வேற ஆள் வரும், சரியோ?" என்று அவன் வாயால் சொல்ல வைக்க வேண்டும். இருபத்தாறு வருடம் நான் அதைத் தவறவிட்டதில்லை. கஜனின் படிவம் வந்த அன்று தவறவிட்டேன்.

ஏன்? சந்தோஷம், வேறென்ன! பன்னிரண்டு கிழமை என்று பார்த்ததும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. எங்களுடைய பெடியன் ஒருத்தன் பிள்ளை பார்க்க வீட்டில் நிற்கப் போகிறான்! என் இரண்டாவது பிள்ளை பிறந்தபோது என் மனிசன் மூன்றாம் நாளே வேலைக்குப் போனார். குற்றம் சொல்லவில்லை, அவர் போகாவிட்டால் வீட்டு வாடகை இல்லை. எனக்கு ஒரு சதம் லீவுச் சம்பளம் கிடையாது. தைத்த வயிற்றோடு வாளி தூக்கினேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. அதனால்தான் கஜனின் படிவத்தைப் பார்த்து அப்படித் துள்ளினேன். வாசித்துக் காட்டுகிற எண்ணமே வரவில்லை.

அதோடு விட்டேனா? பேரோல்காரி வாய் பூட்டு என்பார்கள். அன்று பூட்டுத் திறந்துவிட்டது. மெல்பேர்ன் பக்கம் வெரிபீயில் இருக்கும் என் மகளுக்குப் போன் போட்டு, மருமகனுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கதையைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தமிழர் கூடுகிற ஹோம்புஷில் சாப்பாட்டுக் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் ஊர் முழுக்கச் சொன்னார். இது பெரிய பிழை. ஒருவருடைய லீவு அவருடைய சொந்த விஷயம். என்னைப் பார்த்துப் பழகாதீர்கள்.

இதைச் சொன்னபோது கஜன் வாயைப் பிளந்தான்.

"அப்ப கடையில எனக்கு ரெண்டு வடை சும்மா தந்து, 'தம்பி, நீ பெரிய மனிசன்' எண்டு கைகுடுத்தது?"

"இதுக்குத்தான்."

"நான் பிள்ளை பிறந்ததுக்கு எண்டல்லோ நினைச்சன்! கோயிலில ஒரு அன்ரி என்ர தலையில கைவச்சு ஆசீர்வாதம் பண்ணினவ!"

"அதுவும் இதுக்குத்தான்."

"கடவுளே! இனி வேலைக்கு வந்தாலும் வெட்கம், வீட்டில நிண்டாலும் வெட்கம்!" என்று கதிரையில் தொப்பென்று விழுந்தான்.

4. மூன்று தரம்

அப்போதுதான் மீனா வந்தாள். மதுரைப் பெண். எங்கள் தொழிற்சாலை லேபில் ஒன்பது வருடமாகப் பாணின் ஈரம், பூஞ்சணம் எல்லாம் சோதிக்கிறவள். யாழ்ப்பாணத்துக் கஜனும் மதுரை மீனாவும் சந்தித்ததே எங்கள் கன்ரீனில்தான். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள். ஒரு கையில் பேபி கேப்ஸ்யூல் என்கிற கார்க் கூடை, அதற்குள் நாலு மாதப் பெண் குழந்தை, மறு கையில் பால் பை. பின்னல் ஒரு பக்கம் மட்டும் போட்டிருந்தது.

"எந்திரிச்சுப் பாத்தா ஆளைக் காணோம்! புள்ளைய விட்டுட்டு எங்க வந்தீங்க?"

"வேலைக்கு!"

"நேத்து என்ன சொன்னேன்? நாளையிலிருந்து பாப்பாவ நீங்க பாத்துக்கணும், நான் ஒம்பது மணிக்கு லேப்ல இருக்கணும்னு சொன்னேனா இல்லையா?"

"கிரிக்கெட் போய்க்கொண்டிருந்தது…"

"'ம்ம்'னு சொன்னீங்க!"

"அது பந்து பவுண்டரிக்குப் போனதுக்கு!"

மீனா என் பக்கம் திரும்பினாள். "ஆன்ட்டி, படிவம் நிரப்புறப்ப மூணு தடவை கேட்டேன். எல்லா நாளும் உங்க பேர்லயான்னு கேட்டேன், 'ஓம்'னாரு. நிச்சயமான்னு கேட்டேன், 'ஓம்'னாரு. அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களேன்னு கேட்டேன், கையெழுத்தே போட்டுட்டாரு. ஏலத்துல கூட மூணு தடவைதான் கேப்பாங்க!"

"நான் கொத்து ரொட்டி சாப்பிடேக்கை கேட்டவ அன்ரி! அந்த நேரம் வீட்டை எழுதித் தா எண்டாலும் குடுத்திருப்பன்!"

நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் மீனாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த ஒன்பது மணி சும்மா ஒன்பது மணி இல்லை. லேப் இன்சார்ஜ் வேலை. பழைய இன்சார்ஜ் போய்விட்டார், பரிசோதகர்கள் அந்தக் கிழமை வருகிறார்கள். திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் பொறுப்பெடுக்க முடிந்தால் வேலை மீனாவுக்கு, இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கு என்று ஆபரேஷன்ஸ் மனேஜர் டேவ் எழுத்தில் கொடுத்திருந்தார். மீனாவின் அம்மா வந்து பிள்ளையைப் பார்ப்பதாகத்தான் முதலில் ஏற்பாடு. அங்கே மதுரையில் மருமகளுக்கு அந்த மாதம்தான் பிரசவம், அம்மாவால் கிளம்ப முடியவில்லை. மீனா தன் நாட்களையும் சேர்த்துவைத்த லீவையும் இந்த நாலு மாதத்தில் முடித்துவிட்டாள்.

"அந்த வேலை உமக்குக் கிடைச்சிட்டுதோ?" என்று கஜன் கேட்டான்.

"மூணு வாரத்துக்கு முன்னாடியே சொன்னேன். நீங்க 'பாப்பம்'னீங்க."

"பாப்பம் எண்டுபோட்டுப் பாக்காமல் விட்டாய்" என்றேன் நான். என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது, அது என் பிறவிக் குணம்.

மீனா கேப்ஸ்யூலை என் மேசையில் வைத்தாள்.

"'நீ போ, நான் பாத்துக்கறேன்'னு இவரு வாயால ஒரு தடவை சொல்லுவாருன்னு காத்துக்கிட்டே இருந்தேன் ஆன்ட்டி. சொல்லல. சரி, காசுக்காகவாவது கையெழுத்துப் போட்டாரேன்னு சந்தோஷப்பட்டேன். அதுவும் தெரியாமப் போட்டதுதானா? பரவால்ல. நான் டேவ்கிட்ட வேலை வேணாம்னு சொல்லிடறேன். அந்த நாளுங்க எல்லாத்தையும் என் பேருக்கே மாத்திடலாம்."

போனை எடுத்து, நாட்களை மாற்றுகிற அரசாங்கப் பக்கத்தைத் திறந்தாள். சுவர்க் கடிகாரத்தில் எட்டு நாற்பது. அவளுடைய புது ரேட் எனக்குத் தெரியும். கஜனுடையதைவிட அது கூட. அதைச் சொன்னால் இவன் கணக்கு ஒரு நிமிஷத்தில் தலைகீழாகும் என்று என் நாக்கு துடித்தது. ஆனால் அதைச் சொல்கிற உரிமை எனக்கு இல்லை. ஏற்கெனவே வாய் திறந்து பட்ட பாடு போதும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கஜன் குழந்தையைப் பார்த்தான். மீனாவின் ஒற்றைப் பின்னலைப் பார்த்தான். பிறகு சோற்றுப் பெட்டியை என் பைல்களின் மேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் கேப்ஸ்யூலைத் தூக்கினான்.

"போனை வையும். நீர் போம், நான் பாக்கிறன்."

"காசுக்காகச் சொல்லாதீங்க."

"காசை விடும். ஒன்பது வருஷம் பூஞ்சணம் பாத்தனீர், இனி பூஞ்சணம் பாக்கிற ஆக்களைப் பாரும். பால் எத்தினை மணிக்கு?"

"எட்டே முக்காலுக்கு. அப்புறம் பன்னெண்டு மணிக்கு. ஏப்பம் வராமப் படுக்க வைக்காதீங்க. அழுதா…"

"பொறும், பொறும்!" என்று சட்டைப்பையில் இருந்து டிஸ்பாட்ச் டொக்கட் புத்தகத்தை எடுத்தான். லொறிகளுக்குச் சரக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிற அந்த நீலப் புத்தகமேதான். "ம், இப்ப சொல்லும். முதல் லோட் எட்டே முக்கால்."

அந்த நேரம் பார்த்து டேவ் எட்டிப் பார்த்தார். மஞ்சள் சட்டையோடு, கையில் குழந்தையோடு நிற்கும் கஜனைப் பார்த்து, "மேட், யூ ஆர் நாட் ஹியர். கோ ஹோம்!" என்றார். பிறகு கேப்ஸ்யூலுக்குள் குனிந்து பார்த்து, "யூ கேன் ஸ்டே" என்று குழந்தையிடம் சொன்னார்.

மீனா ஓடினாள். நடையில் அவளுடைய சப்பாத்துச் சத்தம் லேப் கதவு வரை கேட்டது. எட்டு ஐம்பத்தைந்துக்கு அவள் உள்ளே போனாள். நான் மணி பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

5. நீல டொக்கட்

அடுத்த பன்னிரண்டு கிழமையும் தொழிற்சாலைக்கே திருவிழா. தினமும் பன்னிரண்டு மணிக்குக் கஜன் காரில் வருவான், மீனா பால் கொடுக்கக் கார்ப் பார்க்குக்குப் போவாள். குழந்தையைக் கையில் கொடுக்க முன் அவன் ஒரு டொக்கட்டை நீட்டுவான்.

அதில் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. 'சரக்கு: ஆதிரை. உள்ளே வந்தது: 120 மில்லி. வெளியே போனது: மூன்று, அதில் ஒன்று பெரியது. சேதம்: இல்லை. பெற்றுக்கொண்டவர் கையெழுத்து.' மீனா சிரித்துச் சிரித்துக் கையெழுத்துப் போடுவாள். திரும்பக் கொடுக்கும்போது இவன் போடுவான்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற முரட்டு மனிசர்கள் எல்லாம் சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டுக் காரைச் சுற்றி நிற்பார்கள். யாரோ குழந்தைக்கு ஒரு சின்ன மஞ்சள் சட்டை தைத்துக் கொண்டுவந்தார்கள், வெள்ளிப் பட்டியோடு! முதல் கிழமை கஜனுக்குக் கண் குழி விழுந்திருந்தது. "அன்ரி, நாப்பது லொறி அனுப்பலாம், இவவை ஒருக்கா நித்திரைக்கு அனுப்ப ஏலாது" என்று புலம்பினான். ஐந்தாம் கிழமை அவனே இன்னொரு பெடியனுக்கு ஏப்பம் எடுக்கப் பாடம் நடத்தினான். அந்தப் பெடியன் அடுத்த நாள் என்னிடம் வந்து, "அன்ரி, அப்பாமாருக்கு எண்டு தனியா நாள் இருக்காமே, எடுக்காட்டிப் போயிடுமாமே, உண்மையோ?" என்று கேட்டான். இருபத்தாறு வருடத்தில் எந்த ஆம்பிளையும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அன்று நான் மதியச் சாப்பாட்டுக்கு இனிப்பு வாங்கினேன்.

மீனாவின் வேலையும் உறுதியானது. பரிசோதகர்கள் வந்து போன பிறகு டேவே லேபுக்கு நடந்து போய்க் கைகொடுத்தார்.

6. திறந்த கதவு

பன்னிரண்டு கிழமை முடிந்த திங்கட்கிழமை. டைம்ஷீட், தேநீர், கதவில் தட்டு. இந்தத் தரம் மெதுவான தட்டு. கஜன் நின்றான்.

"என்ன, கார்ட் வேலை செய்யேல்லையோ?"

"செய்யுது அன்ரி." கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பீப் எண்டு உடன திறந்திட்டுது."

"அதுக்கேனடா அழுகிறாய்?"

"அழேல்ல. மீனாவின்ர அம்மா போன கிழமை வந்திட்டா. பிள்ளையை அவவிட்டக் குடுத்திட்டு வாறன். மாமி டொக்கட்டில கையெழுத்து வைக்கமாட்டாவாம்." மூக்கை உறிஞ்சினான். "கையெழுத்தில்லாமல் நான் ஒரு தட்டுப் பாணும் குடுத்ததில்லை, அன்ரி."

நான் சிரித்தேன், பிறகு எனக்கும் கண் கலங்கிவிட்டது. இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டு பேரோல் அறையில் நின்றோம்.

பேரோலுக்கு வரப்போகும் பிள்ளைகளே, படிவத்தை வாசித்துக் காட்டுங்கள். நான் தவறவிட்ட அந்த ஒன்றை வாசித்துக் காட்டியிருந்தால் கஜன் அன்றே பேனாவால் வெட்டியிருப்பான். மீனா லேபில் பழைய மேசையிலேயே இருந்திருப்பாள். உண்மைதான். ஆனாலும் பிழை பிழைதான், எல்லாப் பிழைக்கும் இப்படி நல்ல முடிவு வராது. வாசிக்கும்போது காசு வரும் வரியோடு நிறுத்தாதீர்கள். 'இந்த நாளெல்லாம் பிள்ளை உன்ர கையில' என்றும் சேர்த்து வாசியுங்கள். தாய்மாருக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. தகப்பன்மாருக்குச் சத்தமாக வாசியுங்கள்.

கஜன் போக மனமில்லாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அன்ரி, பானையில மிச்ச நாள் ஒண்டும் இல்லையோ?"

"ஒண்டும் இல்லை. துடைச்சு எடுத்தாச்சு."

"அப்ப அடுத்த பிள்ளைக்குத்தானோ?"

"அதை என்னட்டக் கேக்காதை. மீனாட்டக் கேள்."

"நேற்றுக் கேட்டனான். ரிப்போர்ட் வாசிச்சுக்கொண்டிருந்தவ. 'ம்ம்' எண்டவ."

"அப்ப போய் இன்னும் ரெண்டு தரம் கேட்டுப்போட்டு வா" என்றேன்.